ஜூன் விடுமுறை: குரங்கும் முதலையும் கதையைப் பொம்மை செய்து, படமெடுத்து, புத்தகமாக்க யோசனை வேண்டும்

ஈசூன்வாசி:

வணக்கம். ஜூன் விடுமுறையில் மூன்று பிள்ளைகளை வைத்து ஒரு கைவேலை செய்ய எண்ணம். வயது 5, 8, 11. பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும் கதை. குரங்கு, முதலை, நாவல் மரம், ஆறு எல்லாம் பிள்ளைகளே செய்ய வேண்டும். அதைக் காட்சி காட்சியாகக் கைப்பேசியில் எடுத்து, தமிழில் வாசகம் எழுதி, ஒரு சின்னப் புத்தகமாகக் கட்ட வேண்டும்.

வீடு சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை. வேலை செய்ய இடம் சாப்பாட்டு மேசைதான். வரவேற்பறைச் சன்னல் தெற்கே பார்க்கும், பின்னறைச் சன்னல் வடக்கே. செலவு 40 வெள்ளிக்குள் முடிய வேண்டும்.

கேட்க நினைப்பது: பொம்மைக்கு உப்பு மாவா, களிமண்ணா, அட்டையா? மொத்தம் எத்தனை காட்சி வைக்கலாம்? கைப்பேசியில் எடுத்தால் மேசையில் கிடக்கும் பொம்மையாகத்தான் தெரிகிறது, கதைக்குள் இருப்பதுபோல வர என்ன வழி? அச்சகத்துக்குப் போகாமல் புத்தகம் கட்ட முடியுமா?

கத்தரியும்பசையும்:

உப்பு மாவை முதலில் தள்ளுங்கள். மாவு 2 பங்கு, உப்பு 1, தண்ணீர் 1 என்று இணையம் முழுக்க இருக்கும். அது குளிர்நாட்டுக்குச் சரி. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கத் தொடங்கும். நம் ஊரில் சராசரியே 80க்கு மேல். அடுப்பில் வாட்டிக் கல்லாக எடுத்தாலும் சில நாளில் கையில் பிசுபிசுக்கும், மேலே பூசிய வர்ணம் உரியும், எறும்பும் வரும். காற்றில் உலரும் களிமண் பரவாயில்லை, ஆனால் 1 செ.மீ. கனத்தைத் தாண்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வெடிக்கும். இந்தக் கதைக்கு நாவற்பழம் தவிர வேறெதற்கும் களிமண் வேண்டியதில்லை.

முதலைக்கு ஈரச்சந்தை முட்டைக்கடையில் 30 முட்டைத் தட்டு கேளுங்கள். காகிதக்கூழில் செய்த சாம்பல் நிறத் தட்டுதான் வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் வர்ணம் ஒட்டாது. குழிகளுக்கு நடுவே கூம்பு கூம்பாக எழுந்து நிற்கிறதே, அதுதான் முதலையின் முதுகு. குழியின் நடுவாகக் கத்தரித்து, ஒரே வரிசையில் 4 கூம்பு நிற்கும்படி ஒரு பட்டை எடுங்கள். நீளம் 20 செ.மீ., அகலம் 5 செ.மீ. அளவில் வரும். வாலுக்கு 12 செ.மீ. நீள முக்கோண அட்டை. தாடைக்குத் தீப்பெட்டி அளவில் இரண்டு அட்டைத் துண்டு, பின்பக்கம் துணி நாடாவால் இணைத்தால் வாய் திறந்து மூடும். கண்ணைத் தலைக்கு மேலே தூக்கி வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் உப்புநீர் முதலை மிதப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீருக்கு மேலே கண்ணும் மூக்குத் துளையும்தான் தெரியும்.

வர்ணம் பூசும் முன் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு விடுங்கள். இதை விட்டுவிட்டு நேரடியாகப் பூசினால் கூழ் அட்டை வர்ணத்தைக் குடித்துக் குழைந்து, கூம்பு சாய்ந்துவிடும். 5 வயதுப் பிள்ளைக்கு இந்தப் பூச்சு வேலையே போதும், அதில் தப்பு நடக்க இடமில்லை.

குரங்குக்கு 30 செ.மீ. பஞ்சுக்கம்பி (பஞ்சு இழை சுற்றிய, வளையும் கம்பி) 3. ஒன்று தலையும் உடலும், ஒன்றை நடுவில் முறுக்கிக் கையும் காலும், மூன்றாவதில் வால். உயரம் 8 செ.மீ. வைத்தால் வால் 10 செ.மீ.; நம் ஊர் நீள்வால் குரங்குக்கு உடலைவிட வால்தான் நீளம். கம்பி முனைகளை அரை செ.மீ. மடித்துவிடுங்கள், குத்தும். 6 செ.மீ.க்குக் கீழே பொம்மை போகவே வேண்டாம். பிள்ளைகளின் விரலுக்கும் அடங்காது, கைப்பேசியும் அவ்வளவு நெருக்கத்தில் குவியாது.

முகத்தைத் தனியாகச் செய்யுங்கள். வட்டத் தாளில் மூன்று முகம்: சிரிப்பு, பயம், கள்ளத்தனம். நெல்மணி அளவு ஒட்டுக்களியால் (சுவரில் தாள் ஒட்டும் களி) மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரே முகத்தோடு ஆற்று நடுவில் பயந்த குரங்கைக் காட்ட முடியாது. 11 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை இது.

மரத்துக்குச் செய்தித்தாளைக் கயிறாக முறுக்கி மறைப்பு நாடா சுற்றினால் போதும், உயரம் 28 செ.மீ. ஆனால் கிளைக்குள் துணிமாட்டிக் கம்பி இல்லையென்றால் குரங்கு உட்கார்ந்ததும் தொங்கிவிடும். அடியை ஒரு ஜாடி மூடியில் நிறுத்திக் கூழாங்கல்லை நிரப்புங்கள். இலை வேண்டுமென்றால், கீழே உதிர்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரத்துச் சிற்றிலை அளவாக இருக்கும். எடுத்த அன்றே கனமான புத்தகத்துக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் சுருண்டுவிடும். இயற்கை வனப்பகுதியில் எதையும் எடுக்காதீர்கள், புளோக் அடியில் கூட்டித்தள்ளும் இலையே ஏராளம்.

வெளிச்சம்பார்:

கைவேலையை மேலே நன்றாகச் சொல்லியாயிற்று. நான் படத்தைப் பற்றி மட்டும்.

உங்கள் வீட்டு அமைப்பு அதிர்ஷ்டம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கேதான் இருக்கிறது. ஜூனில் சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும். ஜூன் 21 வாக்கில் உச்சிவேளையிலும் அது வடக்குப் பக்கம் 68 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்குச் சன்னலில் நாள் முழுக்க நேர்வெயில் விழாது, மெத்தென்ற வெளிச்சம் மட்டும் வரும். வரவேற்பறையிலேயே எடுங்கள். இதே வேலையை ஆண்டிறுதி விடுமுறையில் செய்தால் தலைகீழ். அப்போது பின்னறைக்குப் போக வேண்டும். நேரம் காலை 9 முதல் 11, அல்லது மாலை 4 முதல் 6. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, 1 மணியை ஒட்டி.

மேசையைச் சன்னலிலிருந்து 60 செ.மீ. தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். எதிர்ப்பக்கம் 20 செ.மீ. தூரத்தில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் இருண்ட பாதி முகம் தெளியும். வீட்டு விளக்கை அணையுங்கள். சன்னல் வெளிச்சம் நீலம், விளக்கு மஞ்சள். இரண்டும் கலந்தால் குரங்கின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். எல்இடி விளக்கு சிலவற்றில் படத்தின் குறுக்கே கோடு கோடாகவும் விழும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும், பஞ்சுக்கம்பி வால் ஆடிக்கொண்டே இருக்கும்.

‘பொம்மையாகவே தெரிகிறது’ என்பதற்கு வருகிறேன். பெரியவர்கள் நின்றபடி மேலிருந்து எடுப்பதுதான் காரணம். கேமரா குரங்கின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் மேசையை ஒட்டி வந்துவிடும், படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். 8 செ.மீ. குரங்குக்கு லென்ஸ் 4, 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் மரம் வானளவு உயர்ந்து நிற்கும்.

அடுத்தது தூரம். சாதாரணக் கைப்பேசியின் முதன்மை லென்ஸ் 10 முதல் 15 செ.மீ.க்கு அருகில் குவியாது, பெரிய உணரி (சென்சார்) உள்ள புதியவற்றுக்கு இன்னும் தூரம் வேண்டும். சில கைப்பேசிகள் நெருங்கினால் தாமாகவே அகல லென்ஸுக்குத் தாவும். படம் திடீரென்று குதித்து, மூக்கு பெரிதாகத் தெரிவது அதனால்தான். 30 செ.மீ. பின்வாங்கி, 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். மேகம் போய் வந்தாலும் படத்துக்குப் படம் வெளுப்பு மாறாது. 3 வினாடி தாமதம் வையுங்கள், பிள்ளை பொத்தானைத் தொடும்போதுதான் அதிகம் ஆடும். பின்புலத்தை மங்கலாக்கும் உருவப்பட வசதியைத் தொடாதீர்கள்; பஞ்சுக்கம்பியின் ஓரம் எங்கே முடிகிறது என்று அதற்குப் புரியாது, வாலைத் தின்றுவிடும். இவ்வளவு அருகில் எடுத்தால் பின்புலம் தானே மங்கும்.

வானத்துக்கு ஏ2 தாளைப் பின்னால் வளைத்து நிறுத்துங்கள், மடிப்பு விழக்கூடாது. பொம்மைக்கும் தாளுக்கும் 30 செ.மீ. இடைவெளி. வானத்தில் குரங்கின் நிழல் விழுந்தால் வேலை முடிந்தது, எந்தப் பிள்ளையும் நம்பாது.

காட்சிகள் 8 போதும். பேச்சு மட்டும் நடக்கும் இடங்களை வாசகத்துக்கு விட்டுவிட்டு, ஏதாவது மாறுகிற இடத்தைப் படமாக்குங்கள்: மரத்தில் குரங்கு தனியாக, அது போடும் பழத்துக்கு முதலை வாய் திறப்பது, முதலையின் மனைவி இதயம் கேட்பது, முதுகில் ஏறுவது, நடு ஆற்றில் உண்மை வெளிப்படுவது, ‘இதயத்தை மரத்தில் வைத்துவிட்டேன்’ என்று குரங்கு சொல்வது, திரும்பும் வழி, தாவி ஏறியதும் கீழே முதலை அண்ணாந்து பார்ப்பது. இதில் நடு ஆற்றுக் காட்சிக்கு மட்டும் பத்துப் பதினைந்து படம் எடுங்கள், மற்றதற்கு இரண்டு மூன்று போதும். கதை வரிசைப்படி எடுக்காதீர்கள். கரைக் காட்சி நான்கையும் ஒரே அமர்வில், ஆற்றுக் காட்சிகளை அடுத்த அமர்வில். மாற்றி மாற்றி மேசையைக் கலைத்தால் சின்னதுகளின் பொறுமை போய்விடும்.

ஈசூன்வாசி:

நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஆற்றுக்கு என்ன செய்வது? பெரியவன் தட்டில் நிஜத் தண்ணீர் ஊற்றலாம் என்கிறான். இன்னொன்று, பிள்ளைகளும் ஒரு படத்திலாவது வர வேண்டும் என்கிறார்கள், முதலை மேல் ஏறி நிற்பதுபோல. அது நடக்குமா?

கத்தரியும்பசையும்:

நிஜத் தண்ணீர் வேண்டாம். கூழ் அட்டை முதலை கொஞ்ச நேரத்திலேயே ஊறிவிடும். மெழுகு தேய்த்தால் தாங்கும் என்பார்கள், வெட்டிய விளிம்பு வழியாக எப்படியும் உறிஞ்சும். அதோடு, ஓர் அங்குல ஆழத் தட்டுத் தண்ணீரில் அலை எழும்பாது, தட்டின் அடி தெரியும். வெள்ளைப் பசையைக் கனமாக ஊற்றி ஆறு செய்யலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நம் ஈரப்பதத்தில் மேலே ஆடை கட்டி உள்ளே பால்போல வெளுத்தே நிற்கும்.

24 டின் பானம் வரும் அட்டைத்தட்டு, சுமார் 40க்கு 27 செ.மீ., பேரங்காடியில் சும்மா கிடைக்கும். அதில் பழுப்புத் தாளை விரித்து, மேலே கசக்கிப் பிரித்த அலுமினியத்தாள், அதற்கு மேல் பச்சை செலஃபேன். நீலம் வாங்காதீர்கள், நீச்சல்குளமாகிவிடும். செலஃபேனையும் ஒருமுறை கசக்கிப் பிரித்து, முதலையைச் சுற்றி மட்டும் விரலால் மேலே தள்ளிவிட்டால் நீந்தும்போது எழும் அலை கிடைக்கும். முட்டைத்தட்டுப் பட்டைக்கு அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் பாதி மூழ்கியதுபோல் அப்படியே உட்காரும். வெள்ளைத் திட்டாகப் பளபளப்பு அடித்தால் தட்டைக் கொஞ்சம் திருப்புங்கள், வெளிச்சத்தைக் குறை சொல்லாதீர்கள்.

வெளிச்சம்பார்:

பிள்ளைகளை முதலை மேல் ஏற்றலாம், ஆனால் வெளியே போக வேண்டும். கணக்கு எளிது: பொம்மை லென்ஸிலிருந்து எவ்வளவு தூரமோ, அதை எத்தனை மடங்கு சிறிதாக்க வேண்டுமோ அதால் பெருக்கினால் பிள்ளை நிற்க வேண்டிய தூரம். 120 செ.மீ. உயரப் பிள்ளை 8 செ.மீ. குரங்கின் அளவில் தெரிய வேண்டும் என்றால் 15 மடங்கு. முதலை 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் பிள்ளை 4.5 மீட்டரில் நிற்க வேண்டும். அளவு நாடா இல்லையென்றால் காலடி போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலருக்குக் கெடுகிறது: முதலை தெளிவு, பிள்ளை மங்கல். முதன்மை லென்ஸை விட்டு அரை மடங்கு அகல லென்ஸுக்கு மாறுங்கள், அதில் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளியும். அகலத்தால் ஓரங்கள் வளையும், ஆகவே இரண்டையும் நடுவில் வைத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். லென்ஸ் தரையை ஒட்டியிருக்கட்டும். பிள்ளையின் பாதம் முதலையின் முதுகுக் கோட்டில் சரியாக விழ வேண்டும். கொஞ்சம் இடைவெளி தெரிந்தாலும் அந்தரத்தில் நிற்பதுபோல் ஆகும். பாதத்தை இரண்டு கூம்புக்குப் பின்னால் மறைத்துவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மரீனா அணைக்கட்டின் மேல்தளப் புல்வெளி இதற்கு வசதி, பின்னால் வானம் மட்டும். காற்று அடிக்கும், முதலைக்கு அடியில் கூழாங்கல் பையைக் கட்டுங்கள். ஜூனில் அதிகாலையிலிருந்து முற்பகல் வரை சுமத்ரா காற்றோடு மழை வருவது வழக்கம், வானிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தெம்பனிஸ்_நூலி:

ஒரு குறுக்கீடு. குரங்குக் கதை என்பதால் குரங்கு இருக்கும் காட்டுப்பக்கம் போய் எடுக்கலாம் என்று யாராவது யோசிப்பீர்கள். பிளாஸ்டிக் பையில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனால் சாப்பாடு என்று நினைத்து நிஜக் குரங்கு பறிக்க வரும். தீனி போடுவது சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கிலேயே எடுத்துவிடுங்கள்.

இனி புத்தகம். தைக்கவோ பின் அடிக்கவோ வேண்டாம், விசிறி மடிப்பு போதும். 160 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் எண்) ஏ3 தாள் 2 வாங்குங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 42க்கு 14.8 செ.மீ. பட்டை நான்கு. ஒவ்வொரு பட்டையிலும் 20 செ.மீ. பக்கம் இரண்டு, மிச்சம் 2 செ.மீ. அடுத்த பட்டையோடு ஒட்டும் நாக்கு. மொத்தம் 8 பக்கம். கடைசிப் பட்டையின் நாக்கை வெட்டிவிடுங்கள்.

மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டிக் கோடு அழுத்துங்கள். அழுத்தாமல் மடித்தால் மடிப்பில் தாள் வெடித்து வெள்ளை நார் தெரியும். தாளுக்கு இழைப்போக்கு உண்டு: இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் பக்கம்தான் மடிப்பு வர வேண்டிய பக்கம். கடையில் வேறு திசைத் தாள்தான் இருந்தால் கோட்டை இரண்டு முறை அழுத்துங்கள்.

படம் 4ஆர் அளவில் போடுங்கள், 15.2க்கு 10.2 செ.மீ. கைப்பேசிப் படம் 4க்கு 3 விகிதம், 4ஆர் தாள் 3க்கு 2. கடைக்காரர் எதுவும் கேட்காமல் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவார். மர உச்சியும் குரங்கின் வாலும்தான் முதலில் போகும். எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விடச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் 3க்கு 2 இருந்தால் அதை வையுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். அகலம் 1,800 புள்ளிக்குக் குறைந்தால் அச்சில் கூர்மை குறையலாம். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்தால் ஈரக் கை பட்டவுடன் மை கலங்கும். 8 படத்துக்குக் கடையே மலிவு.

ஒட்ட வெள்ளைப் பசை கூடாது, தாள் நெளியும். பசைக்குச்சி நம் ஊர் ஈரத்தில் ஓரத்திலிருந்து பிரிந்துவிடும். 12 மி.மீ. இரட்டைப்பக்க நாடாவை நான்கு ஓரமும் ஒட்டுங்கள். பக்கத்தின் மேல் ஒன்றரை செ.மீ. விட்டுப் படம் வைத்தால் கீழே வாசகத்துக்கு 3 செ.மீ. கிடைக்கும். வாசகத்தைப் பக்கத்தில் நேரடியாக எழுத விடாதீர்கள். 15க்கு இரண்டரை செ.மீ. துண்டுத்தாளில் முதலில் பென்சில், பிறகு பேனா, அப்புறம் ஒட்டுவது. ‘ற’கரமும் ‘ர’கரமும் மாறினால் போவது ஒரு துண்டு மட்டுமே. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், தொடக்கநிலை 2 பிள்ளை தன் கையால் எழுத அதுதான் அளவு. 5 வயதுப் பிள்ளை சொல்வதைப் பெரியவன் எழுதலாம்.

அட்டைக்குத் தானியப்பெட்டி அட்டையை இரண்டு மடங்காக ஒட்டி, 20.4க்கு 15.2 செ.மீ. வெட்டி, முதல் பக்கத்தின் முதுகிலும் கடைசிப் பக்கத்தின் முதுகிலும் ஒட்டுங்கள். பக்கங்களுக்கு இடையே கேக் சுடப் பயன்படும் ஒட்டாத தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு.

ஈசூன்வாசி:

வாலை 10 செ.மீ. வைக்கச் சொன்னீர்கள், கம்பி 30 செ.மீ. மிச்சத்தை என்ன செய்வது?

கத்தரியும்பசையும்:

வெட்டாதீர்கள். வாலுக்கு 10 விட்டுவிட்டு மிச்சம் 20ஐ இடுப்பைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். வயிறு உப்பும், குரங்கும் பழம் தின்றதுபோல் இருக்கும். அதோடு எடை கீழே இறங்குவதால் கிளையில் கவிழாமல் உட்காரும்.